ஒரு எர்த் பட்டை, நான்கு கோளாறுகள்: பழைய கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 18 வயதான பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 1.3 லிட்டர், மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷன், கையால் போடும் கியர், ரேடியேட்டருக்கு மின்விசிறி. ஓடியிருப்பது 1,60,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒன்றுபோல இருக்கிறது. மொத்தத்தில் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட வண்டி.

புகார்கள் நான்கு. காலையில் ஒரே தட்டில் செல்ஃப் எடுக்கும் வண்டி, சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முக்கி முனகி இழுக்கிறது. சில சமயம் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தால் வெப்பமுள் முக்கால் பங்கைத் தாண்டுகிறது. சாலை காலியாகி வேகம் எடுத்ததும் நடுவுக்கு வந்துவிடுகிறது. ஐட்லிங்கில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. நான்காவதாக, ஆக்சிலரேட்டர் மிதி கனத்துப்போய், காலை எடுத்தாலும் மெதுவாகத்தான் மேலே வருகிறது.

இவற்றுக்காக ஒன்றரை வருடத்தில் மாற்றியவை: பேட்டரி, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் சோலனாய்டும் (செல்ஃபுக்குக் கரன்ட் திறந்துவிடும் மின்காந்தச் சுருள்), தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு), ரேடியேட்டர் மூடி, வெப்பமுள்ளுக்கான சென்சார், ஆக்சிலரேட்டர் கேபிள். ஏழு பாகம். ஒவ்வொன்றும் அந்தந்தப் புகாருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய பாகம்தான். மாற்றியவர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவில்லை. ஆனால் நான்கு புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. அதோடு, எதை மாற்றுவதற்கு முன்பும் மின்சுமை ஓடும் நிலையில் வோல்ட் அளந்து பார்க்கவில்லை.

துப்பு கிடைத்த இடம்

வண்டியை நிறுத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடவிட்டு, வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டே ஹெட்லைட்டைப் போட்டால் முள் சட்டென்று ஒரு கோடு மேலே குதிக்கிறது. ஏசி ஊதுவிசிறியை முழு வேகத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. இரண்டையும் அணைத்தால் அதே நொடியில் இறங்குகிறது.

நான்கைந்து லிட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு நொடியில் சூடாகாது, ஆறவும் செய்யாது. ஆகவே அந்தக் குதிப்பு வெப்பத்தின் மாற்றம் இல்லை, மின்சாரத்தின் மாற்றம். இதற்கான விளக்கம் எளிது. முள்ளுக்கான சென்சார் ஒற்றை ஒயர் கொண்டது. அதன் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, எஞ்சின் உடம்பு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மீட்டர் வழியாக அதிக மின்னோட்டம் போகும், முள் ஏறும். ஹெட்லைட், ஊதுவிசிறி, ரேடியேட்டர் விசிறி ஆகியவற்றின் மின்சாரம் வண்டியின் பாடிக்கு வந்து, அங்கிருந்து எர்த் பட்டை (பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் ஒயர்) வழியாக, எஞ்சினில் பொருத்திய ஆல்டர்னேட்டர் என்ற மின்சாரம் தயாரிக்கும் கருவிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பட்டையில் தடை இருந்தால் எஞ்சின் உடம்பு பாடியைவிட அரை வோல்ட், முக்கால் வோல்ட் கீழே போய்விடும். மீட்டருக்கு அவ்வளவு வோல்ட் கூடுதலாகக் கிடைக்கும். சூடு ஏறாமலேயே முள் ஏறும்.

பழைய கார் வைத்திருக்கும் எவரும் இந்தச் சோதனையை எந்தக் கருவியும் இல்லாமல் செய்து பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. ஒற்றை ஒயர் சென்சார் உள்ள வண்டிக்கு மட்டுமே இது பொருந்தும். கணினி வழியாக முள்ளை ஓட்டும் புதிய வண்டிகளில் இப்படித் தெரியாது.

முதலில் நிஜச் சூட்டை அளப்பது

முள் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் 'அப்போ சூடே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எஞ்சின் கணினிக்குத் தனியாக இரண்டு ஒயர் சென்சார் இருக்கிறது. அதன் எர்த் கணினிக்கே போவதால் பட்டையின் கோளாறு அதைத் தொடாது. ஸ்கேனரைச் செருகி, ஏசி போட்டு 20 நிமிடம் ஐட்லிங்கில் விட்டபோது அது 106 டிகிரி காட்டியது, மெதுவாக ஏறிக்கொண்டும் இருந்தது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் அகச்சிவப்பு வெப்பமானி 102 காட்டியது. மேற்பரப்பு உள்ளே இருக்கும் கூலன்டைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இந்த வெப்பமானியை நேராகக் காட்டினால் ரொம்பவும் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் '80தான் இருக்கு' என்று நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆக, நிஜச் சூடும் இருக்கிறது, அதன்மேல் முள்ளின் பொய்யும் ஏறி நிற்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த நோயைப் புரிந்துகொள்ள விடாமல் செய்தது.

நிஜச் சூட்டுக்குப் பெரிய காரணங்களை முதலில் கழிக்க வேண்டும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து பார்த்ததில் கூலன்ட் அளவு சரி. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது, 0.9 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இல்லை. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகத்துக்கு, ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் நீலத் திரவச் சோதனை செய்யப்பட்டது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும், இங்கே நீலமாகவே நின்றது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்ததிலும் அடைப்பு இல்லை. பலர் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்துவிட்டு ரேடியேட்டர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். பூச்சியும் தூசியும் அந்த இடுக்கில்தான் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். அதை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த நீரால்தான் தள்ள வேண்டும்.

வேகம் எடுத்தால் சூடு இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது என்ற குணமே விசிறியைத்தான் காட்டுகிறது. விசிறி ஓடுகிறது. ஓடுகிறது என்பதாலேயே எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அளவைகள்

இனி மல்டிமீட்டர் வேலை. நேர் மின்சார (டிசி) வோல்ட்டில் வைத்து, சுமை ஓடும்போது ஒயரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல ஒயரில், நல்ல இணைப்பில் அந்த அளவு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கே வோல்ட் தேங்கி நிற்கிறதோ அங்கேதான் தடை.

செல்ஃப் சுற்றுக்கான சோதனையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பின் ரிலேயை (மின்காந்த சுவிட்ச்) பிடுங்கிவிட்டால் போதும். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றித் தொங்கவிடுவது தவறு, இக்னிஷன் காயில் போய்விடும். கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு, ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இந்த வண்டியில் பேட்டரியின் மைனஸிலிருந்து தடித்த கேபிள் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து பின்னல் பட்டை ஒன்று கியர்பாக்ஸுக்குப் போகிறது. நேராகக் கியர்பாக்ஸுக்கே மைனஸ் போகும் வண்டிகளும் நிறைய உண்டு. அளக்கும் முன் தன் வண்டியில் எர்த் எந்த வழியில் போகிறது என்று பானட்டைத் திறந்து தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட். கிட்டத்தட்ட முழு சார்ஜ், 12.6க்கு மேல் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. சூடான எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளுக்கு இடையே 10.9. நல்ல அளவு, 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதே நேரம் செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே வெறும் 8.5. நடுவில் 2.4 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃபின் பெரிய முனை வரை 0.3 வோல்ட். அரை வோல்ட் வரை பொறுக்கலாம் என்பதால் அந்தப் பக்கம் பழுதில்லை. பேட்டரி மைனஸ் முனையிலிருந்து எஞ்சின் உடம்பு வரை 2.1 வோல்ட். இங்கே 0.3ஐத் தாண்டக் கூடாது. அதையும் கூறு போட்டதில், பேட்டரியின் ஈயமுனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் இடையே 0.05, கிளாம்பிலிருந்து பாடி வரை 0.1, பாடியிலிருந்து எஞ்சின் வரை 1.95.

ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் செல்ஃப் இழுத்தது சுமார் 130 ஆம்பியர். 1.95 வோல்ட்டை 130ஆல் வகுத்தால் தடை 0.015 ஓம். இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். முன்பு ஒருமுறை இதே பட்டையை ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்து 'எர்த் நல்லா இருக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தாலே 0.2 ஓம் காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. 0.015 ஓம் அதற்குள் எங்கே தெரியப்போகிறது? ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் இருந்தாலும் அந்தச் சோதனையில் பட்டை பாஸ் ஆகிவிடும். ஆனால் 130 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.015 ஓம் 250 வாட்டுக்கும் மேல் வெறும் சூடாக எரித்துவிடுகிறது. செல்ஃப் சுற்றுக்கும் எர்த்துக்கும் ஓம் மீட்டரை நம்பக் கூடாது; வோல்ட் இழப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

காலையில் ஏன் எடுக்கிறது? சூடேறினால் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். எஞ்சின் பக்கத்தில் 60 டிகிரி ஏறியிருந்தால் சோலனாய்டு சுருளின் தடை ஏறத்தாழ கால்வாசி அதிகம். காலையில் மீதமிருக்கும் கொஞ்சம் பலம் சூட்டில் கரைந்துபோகிறது.

உறுதிப்படுத்த ஒரு ஜம்பர் கேபிள் போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினின் தூக்குக் கொக்கிக்கு, பெல்ட்டிலும் விசிறியிலும் சைலன்சர் குழாயிலும் படாமல் போட்டு, சாவியைத் திருப்பினால் செல்ஃப் கிர்ரென்று புதுசு போலச் சுற்றியது. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இந்த ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் பேட்டரிக் கடைக்குப் போகலாம்.

ஆக்சிலரேட்டர் கேபிள் உருகிய கதை

பட்டையில் வழி அடைபட்டதும் 130 ஆம்பியரும் அடங்கி நிற்காது; எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகம் எதுவோ அதில் ஒரு பங்கு பாயும். ஆக்சிலரேட்டர் கேபிளின் உள்கம்பி அப்படி ஒரு வழி. ஒரு முனை த்ராட்டிலில், மறு முனை ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) தாண்டி மிதியில். மெல்லிய எஃகுக் கம்பி சூடேறி, உள்ளே வழுக்குவதற்காக இருக்கும் பிளாஸ்டிக் குழாயை உருக்கிவிடுகிறது. கழற்றிய கேபிளை நீளவாக்கில் வெட்டியபோது அந்தக் குழாய் இரண்டு இடங்களில் மெழுகு போல இளகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. ஐந்து மாதம்தான் ஆன கேபிள் அது. பழைய கேபிளும் இப்படித்தான் போயிருக்கும். கிளட்ச் கேபிள், கியர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவற்றுக்கும் இதே கதி நேரும். செல்ஃப் அடித்த உடனே இந்தக் கேபிள்களைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் கோளாறு எர்த்தில்தான், சந்தேகமே வேண்டாம்.

பட்டையைக் கழற்றியபோது

பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டுப் பட்டை எடுக்கப்பட்டது. கழற்றும் முன்பே துண்டு துண்டாக அளந்ததில் 1.95 வோல்ட் இப்படிப் பிரிந்தது: பாடித் தகட்டிலிருந்து வளைய லக் (பட்டையின் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) வரை 1.1, பட்டையின் நீளத்தில் 0.7, மறு லக்கிலிருந்து கியர்பாக்ஸ் வரை 0.15.

பாடிப் பக்கம் லக்குக்கு அடியில் பளபளவென்று பெயின்ட். எப்போதோ அந்த இடத்தைப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் புள்ளியையும் சேர்த்து அடித்து, காய்ந்த பெயின்ட் மேலேயே லக்கை முறுக்கியிருக்கிறார்கள். தகட்டைத் தொட்டது போல்ட்டின் மரை மட்டும்தான். செல்ஃபின் மொத்த மின்சாரமும் துரு ஏறிய அந்த மரை வழியாகத்தான் போயிருக்கிறது. போல்ட் தலை நீலம் பாய்ந்திருந்தது.

பட்டை வெளியே சாம்பல் நிறத்தில் ஒழுங்காகவே தெரிந்தது. லக்குக்குப் பக்கத்தில் விரலால் மடக்கினால் நறநற என்று சத்தம். வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு உதிர்ந்தது. உள்ளிழைகள் கறுத்து, தொட்டதும் முறிந்தன. முறியாமல் நின்றவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பின்னல் பட்டை ஈரத்தை விளக்குத் திரி மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். லக்கை இழைகளோடு நசுக்கிப் பொருத்திய, அதாவது கிரிம்ப் செய்த, வாயில்தான் அழுகல் தொடங்கும். கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, மடக்கிப் பார்க்க வேண்டும்.

விசிறியின் பங்கு

பட்டை மட்டும் அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் விசிறியிடமிருந்து பறிக்கிறது. அதனால் மட்டும் 106 டிகிரி வராது. எல்லாச் சுமையும் போட்டு 1,500 சுற்றில் ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 13.3, விசிறியின் கனெக்டரில் 10.2 வோல்ட். விசிறிச் சுற்றிலேயே 3.1 வோல்ட் தொலைகிறது: பிளஸ் பக்கம் 1.9, எர்த் பக்கம் 1.2. விசிறியின் வேகம் ஏறத்தாழ வோல்ட்டோடு சேர்ந்து குறையும். ஓடுவது மாதிரிதான் தெரியும். காற்று கால்வாசி குறைந்திருக்கும்.

விசிறி மோட்டாரில் பழுதில்லை. ஃப்யூஸ் போட்ட தனி ஒயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்ததும் காற்று உரக்க அடித்தது, இழுத்தது 11 ஆம்பியர். பழுது ரிலே சாக்கெட்டில். ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பழுப்பேறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் வறுபட்டுச் சுருங்கியிருந்தது. உள்ளிருக்கும் செம்பு இடுக்கி பிடிப்பு விட்டுத் தளர்ந்திருந்தது. பிடிப்பு தளர்ந்தால் தடை, தடையால் சூடு, சூட்டால் இன்னும் தளர்ச்சி. இது தானாக நிற்காது. புது ரிலே மட்டும் போட்டால் சில மாதத்தில் அதுவும் கருகும். விசிறியின் எர்த் லக்கோ ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தில் துருவின் மேல் உட்கார்ந்திருந்தது.

செய்த வேலை

பட்டைக்குப் பதில் 25 சதுர மில்லிமீட்டர் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள், எஞ்சின் அசைவுக்கு இடம் கொடுத்துச் சற்றுத் தொய்வாக. லக்குகள் ஹைட்ராலிக் கருவியால் கிரிம்ப் செய்யப்பட்டன. சுத்தியலால் நசுக்கிய லக் நீண்ட நாள் தாங்காது. கிரிம்ப் மேல் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை). பாடித் தகட்டில் லக் உட்காரும் வட்டம் முழுவதும் 120 எண் உப்புத்தாளால் வெள்ளி மாதிரி பளிச்சிடும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து, எம்8 போல்ட் 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கப்பட்டது. கியர்பாக்ஸ் அலுமினியம் என்பதால் அதற்கு மேல் முறுக்கினால் மரை பிய்ந்துகொள்ளும். முறுக்கி முடித்த பிறகுதான் மேலே வாசலின் தடவ வேண்டும். வாசலின் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரத்தைத் தடுக்க மட்டுமே.

விசிறிக்கு ஒயரோடு வரும் புது ரிலே சாக்கெட், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 40 ஆம்பியர் ரிலே. ஃப்யூஸ் முன்பு இருந்த அதே 30 ஆம்பியர். விசிறிக்குச் சரியாகக் கரன்ட் போகவில்லை என்று ஃப்யூஸைப் பெரிதாக்குவது தீ வைப்பதற்குச் சமம். எர்த் லக்குக்கும் மேலே சொன்ன அதே உப்புத்தாள் வேலை. ஆக்சிலரேட்டர் கேபிள் மறுபடி புதிது.

கூலன்டும் மாற்றப்பட்டது. காரணம் அதே எர்த்தான். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, ஆறிய ரேடியேட்டரின் வாயில் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டில் நனைத்தபோது எல்லாம் அணைந்த நிலையில் 0.15 வோல்ட். மூடியைத் திறந்தபடியே, எஞ்சின் சூடேறும் முன் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டுச் சுமைகளைப் போட்டதும் மைனஸ் 0.5க்குப் போனது. குறி எதுவானாலும் அளவு 0.3க்கு மேல் போகக் கூடாது. அணைந்த நிலையிலேயே அதிகம் இருந்தால் கூலன்டின் துரு தடுப்பு தீர்ந்துவிட்டது. சுமை போட்டதும் ஏறினால் எர்த் கோளாறு. இப்படியே விட்டால் ஹீட்டர் கோரும் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) ரேடியேட்டரும் உள்ளிருந்து அரித்து ஊசித்துளை விழும். புதியது, காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. பழையதன் நிறத்தைப் பார்த்து அதோடு கலக்கக் கூடாது. நிறத்துக்கு எந்தப் பொதுவிதியும் கிடையாது, வகை மாறினால் உள்ளே கூழ் கட்டலாம். நிரப்பும்போது ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், மூக்குப் பக்கம் சற்று உயரமாக நிறுத்தினால் காற்று முழுவதும் வெளியேறும்.

வேலைக்குப் பின்

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.6, பிளஸ் பக்க இழப்பு 0.35, எர்த் பக்க இழப்பு 0.2, செல்ஃபில் 10.05. பேட்டரி வோல்ட் முன்பு இருந்த 10.9ஐவிடக் குறைந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வழி திறந்ததால் செல்ஃப் தனக்கு வேண்டிய ஆம்பியரை இப்போதுதான் முழுசாக இழுக்கிறது. முழுச் சுமையில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே 0.05, பேட்டரியில் 13.8, விசிறியில் 13.2. ஏசி போட்டு 40 நிமிடம் நின்றபோது ஸ்கேனர் 97ஐத் தாண்டவில்லை. விசிறி 97இல் ஓடத் தொடங்கி 91இல் நின்றது. ஹெட்லைட் போட்டால் முள் அசையவில்லை. பேட்டரிக்கும் இது நல்லது. நெரிசலில் 13.3க்கு மேல் பார்க்காத பேட்டரி அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்து சல்ஃபேட் படியும். முந்தைய பேட்டரி இரண்டே வருடத்தில் செத்ததும் அநேகமாக இதனால்தான்.

பத்து வயதைத் தாண்டிய எந்த வண்டிக்கும் வருடம் ஒருமுறை ஐந்து இடம் அளந்தால் போதும்: ஓய்வில் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி, அதே நேரம் பிளஸ் பக்க இழப்பும் எர்த் பக்க இழப்பும், முழுச் சுமையில் விசிறிக் கனெக்டர். இந்த வண்டியின் ஐந்து எண்களும் தேதியோடு பானட்டின் உட்புறம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. அடுத்த வருடம் அளப்பவர் எர்த் பக்கத்தில் 0.2க்குப் பதில் 0.4 பார்த்தால், செல்ஃப் முனகும் முன்பே உப்புத்தாளை எடுத்துக்கொள்ளலாம்.